பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை

பாத்திரக் கடையைப் பாதி அடைத்துவிட்டு, தலைமைப் பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டு நடுநாயகமாக வீற்றிருக்கும் சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர், பெரியவர் செல்லையன் அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் எட்டு நிமிடத்தை அன்போடு அபகரித்துக்கொண்ட முன்னாள் தலைமையாசிரியை ரத்னபாய் அம்மையார் அவர்களே! பந்தல் கட்டி, பலகை அடித்து, இந்த ஒலிபெருக்கியையும் ஓரளவு ஒழுங்காகப் பேச வைத்திருக்கும் ஆட்டோத் தொழிலாளர் தோழர்களே! சந்தையிலே சத்தமாக விலை பேசி, சபையிலே மட்டும் சத்தமில்லாமல் அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! சாலைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் ஒரு வரிசை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு வரிசை என்று, ஒரே கூட்டத்துக்கு இரண்டு மாநிலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பனச்சமூட்டுப் பெருமக்களே! இவர்கள் எல்லாரும் யாருக்காக இங்கே கூடினார்களோ, அந்தப் பொழியூர்க் கடற்கரையின் புதல்வி, பத்ரோஸ் அவர்களின் துணைவி, நம் சந்தையின் மீன்காரி, சகோதரி ஜேனட் அவர்களே! உங்கள் அனைவருக்கும் பாறசாலையில் முப்பத்தோராண்டு தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த இந்த ஞானதாஸின் பணிவான, பாசமான வணக்கம்!

என்ன? பின்னால் கேட்கவில்லையா? கொஞ்சம் முன்னால் வாருங்கள். தமிழ்நாட்டு வரிசைக்காரர்களும் வரலாம், இன்றைக்கு யாரும் சோதனை போடமாட்டார்கள்!

சற்று முன் தலைவர் பொன்னாடை போர்த்தினார். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் ஜேனட் என்ன சொன்னார் என்பது உங்களுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "எனக்கு எதுக்கு சாரே இது? மீன் சருவம் சுமக்க சும்மாடு கோலலாம், அவ்வளவுதான்" என்றார். பார்த்தீர்களா? பொன்னாடையை நாம் பெருமையாகப் பார்த்தோம். அவர் பயனாகப் பார்த்தார். தலையில் சுமை வைப்பவருக்குத்தான் எது தேவை என்று தெரியும்!

அன்பர்களே! அறிவைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எந்த அறிவு? எந்த நாட்டுக்கு எது தலைநகர் என்று வினாடி வினாவில் கேட்பார்களே, அந்த அறிவா? அது எனக்கும் உண்டு, என் பேரனுக்கு என்னைவிட உண்டு. நான் பேச வந்தது அந்த அறிவைப் பற்றி அன்று. கண் முன்னால் இருப்பதைக் கண்ணால் பார்த்து, கண்டதைக் கண்டபடி எண்ணி, எண்ணியபடி நடக்கும் அறிவு. சாமானிய புத்தி என்கிறோம். அது பள்ளியில் பாடமில்லை. பல்கலைக்கழகத்தில் பட்டமில்லை. ஆனால் அது இல்லாத பட்டதாரி பட்டப்பகலில் விளக்கில்லாமல் விழுவான்!

என் அக்காள் மகன் அஜேஷ். பொறியியல் படித்தவன், நல்ல பிள்ளை. இங்கேதான் எங்கோ இருக்கிறான்... அதோ, தலையைக் குனிகிறான். போன மாதம் முற்றத்தில் துணி காய்கிறது. வானம் கறுத்துக் கவிந்து நிற்கிறது. உள்ளேயிருந்து என் அக்காள், "மக்கா, மழை வருதா பாரு" என்று குரல் கொடுக்கிறாள். இவன் முற்றத்தில் நின்றுகொண்டே போனைப் பார்க்கிறான். "இல்லம்மா, மழை ஆறு மணிக்காக்கும்" என்கிறான். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு துளி அந்தப் போன் மேலேயே விழுகிறது. என்ன செய்தான் தெரியுமா? துளியைத் துடைத்துவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தான்!

சிரியுங்கள். நானும் சிரித்தேன். பெருங்கடவிளைக்குக் கல்யாணப் பந்தல் சாமான் கொண்டு வந்த லாரிக்காரரைப் பார்த்தும் சிரித்தேன். போன் காட்டிய வழியே வந்து, ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து, முன் சக்கரம் ஓடையில் இறங்கிய பிறகுதான் நின்றார். வரும் வழியில் மூன்று சாயாக் கடைகள். மூன்று கடை வாசலிலும் வேலையற்ற மனிதர்கள், வழி சொல்வதற்கென்றே பிறந்தவர்கள்! ஒருவரிடமாவது தலையை நீட்டிக் கேட்டாரா? கேட்கவில்லை. பந்தல் இல்லாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் வெயிலில் நின்றார்கள்.

அஜேஷைப் பார்த்துச் சிரித்தேன். லாரிக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். தாய்மார்களே, பெரியவர்களே, இனி நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு எதுவுமில்லை. ஏனென்றால் அதில் வரும் அறிவிலி நான்.

போன வைகாசி. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். என் போனில் ஒரு குரல் வந்து விழுந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே மலையாளத்தில் பேசுகிறாள். பிள்ளைகளைப் பிடிக்கும் கும்பல் எல்லை தாண்டி இறங்கியிருக்கிறதாம். நீலக் கைலி கட்டியிருப்பார்களாம். தோளில் பெரிய பை இருக்குமாம். பெற்றோரே, கண்டால் விடாதீர்கள் என்று கதறுகிறாள். கேட்டேன். நெஞ்சு பதறியது. எந்தப் பிள்ளை காணாமல் போனது? யார் வீட்டுப் பிள்ளை? எந்த ஊர்? எந்த நாள்? இந்தக் குரலுக்கு உரியவள் யார்? முப்பத்தோராண்டு வகுப்பறையில் கேள்வி கேட்டே காலம் கழித்தவன், அன்றைக்கு ஒரு கேள்வியாவது கேட்டேனா? கேட்கவில்லை! மாறாக என்ன செய்தேன்? அந்த மலையாளத்தைத் தமிழாக்கினேன். சும்மா தமிழாக்கவில்லை. அலங்காரத் தமிழாக்கினேன்! "பச்சிளம் பிஞ்சுகளைப் பறிக்க வரும் பாதகர் கூட்டம், பார்த்த இடத்தில் பாய்ந்து பிடியுங்கள்" என்று எதுகை மோனையோடு எழுதி, நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலத்துக்குள் அது எனக்கே ஏழு முறை திரும்பி வந்தது. "ஞானதாஸ் சார் எழுதினதாக்கும்" என்ற அடிக்குறிப்போடு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று முன்னோர் சொன்னார்கள். நான் கண்ணாலும் காணவில்லை, தீர விசாரிக்கவுமில்லை. விரலால் தள்ளினேன். விரல் தள்ளியது எங்கே போய் விழுந்தது? இதோ, இந்தப் பேருந்து நிறுத்தத்தில், இந்த மேடையிலிருந்து நாற்பதடி தூரத்தில் விழுந்தது!

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. சந்தை நாள். காலை பத்தரை மணி. மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் மலிந்து கிடக்க, மனிதர்கள் மோதி நடக்கிற நேரம். நிறுத்தத்தில் ஒருவர் நிற்கிறார். மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். பெயர் சுபல். இங்கே பக்கத்தில் ஒரு சிமெண்டுக் கல் அறுக்கும் களத்தில் வேலை. சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசு. தோளில் ஒரு பெரிய பை. கைப்பிடியில் மூன்று வயதுப் பெண் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் பளபளவென்று புது உடுப்பு. பிள்ளை கரைந்து அழுகிறது, கையை உதறுகிறது, எதிரே பலூன்காரரைக் காட்டி இழுக்கிறது. அவர் விடாமல், மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

டயர் கடைச் சஜு அதைப் பார்த்தான். அவன் கெட்டவன் அல்லன். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளவன். பார்த்தவன் மனதில் என் அலங்காரத் தமிழ் ஓடியது. கிட்டே போய், "எலே, பிள்ளைய எங்க கொண்டு போறே?" என்று கேட்டான். அவருக்குப் பாஷை புரியவில்லை. அதட்டல் மட்டும் புரிந்தது. பயந்துபோய்ப் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். அவ்வளவுதான்! "ஓடியான், பிடி!" என்று யாரோ கூவினார்கள். இருபது பேர் கூடினார்கள். ஆட்டோக்காரன் ஷிஜு வண்டியிலிருந்து பாய்ந்து இறங்கிப் பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இன்னொரு கை அவருடைய போனைப் பிடுங்கியது. அதையும் ஷிஜு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்றெ மோள், என்றெ மோள்" என்று, தன் மகள்தான் என்று, தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லி அந்த மனிதர் கும்பிடுகிறார்.

"பிடிபட்டா எல்லாவனும் இப்படித்தான் சொல்லுவான். ஆதார எடு" என்கிறான் சஜு.

ஆதார் அவரிடம் இல்லை. மனைவிக்கு முந்தின நாள் பிரசவம், நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கொடுத்தது அவள் தலைமாட்டில் இருக்கிறது. இதை அவர் எந்த மொழியில் சொல்வார்? யார் காதில் சொல்வார்?

அந்த நேரத்தில் கையில் ஒரு குலை ரசகதலிப் பழத்தோடு நான் வந்து சேர்ந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. கூட்டம் எனக்கு வழி விட்டது. பெரிய மனிதன் அல்லவா! சஜு என்னைப் பார்த்துக் கேட்டான், "சாரே, சாரு அயச்ச மெசேஜில உள்ளவன் இவன் தானே?"

நான் பார்த்தேன். அவர் கட்டியிருந்த கைலி பச்சை. நன்றாகப் பார்த்தேன், பச்சைதான். நான் எழுதியதோ நீலம். கண் பச்சை என்றது. எழுதிய கை நீலம் என்றது. அன்பர்களே, நான் கையை நம்பினேன்! "அவன்தான் போலிருக்கிறது" என்றேன்.

போலிருக்கிறது. ஒரே ஒரு சொல். இலக்கணத்தில் அது ஐயத்தைக் குறிக்கும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கூட்டத்துக்கு இலக்கணம் தெரியாது. அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்தது, சஜுவின் கை அந்த மனிதர் முகத்தில் விழுந்தது. உதடு கிழிந்து இரத்தம் வந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். டயர் கழற்றும் இரும்புக் கம்பியை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் சாலையோரத்தில் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு ஜேனட் உள்ளே வந்தார்.

உள்ளே வந்தவர் முழங்கவில்லை. உபதேசம் செய்யவில்லை. கம்பி வைத்திருந்தவரின் கையைப் பிடித்துக் கீழே தாழ்த்தினார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஷிஜுவிடம் சொன்னார், "எலே ஷிஜு, பிள்ளைய தாழ விடு."

"சேச்சி, விட்டா அவன் தூக்கிட்டு ஓடிருவான்."

"இருவது ஆம்பிளையள் வளஞ்சு நிக்கிய நடுவுல அவன் எங்கலே ஓடுவான்? பறந்தா போவான்?"

ஷிஜு சுற்றி நின்றவர்களைப் பார்த்தான்.

"மிண்டாம, சத்தம் போடாம எல்லாரும் நாலு அடி பின்ன மாறுங்க. சஜு, நீயும் மாறு. சாரே, நீங்களும்தான்."

மாறினோம். முப்பத்தோராண்டு மற்றவர்களை வரிசையில் நிறுத்தியவன், மீன்காரியின் சொல்லுக்கு நான்கடி பின்னால் போனேன்.

"இனி பிள்ளைய நடுவுல விடு மக்கா. அது ஆருகிட்ட போவுதுன்னு பாப்பம்."

ஷிஜு பிள்ளையை இறக்கி விட்டான். அழுகையை நிறுத்திவிட்டு அது நின்றது. சுற்றிலும் கால்கள். காடு போலக் கால்கள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிறகு, தாய்மார்களே, அந்தப் பிள்ளை ஓடியது! தூசுச் சட்டையை நோக்கி, கிழிந்த உதட்டை நோக்கி, தரையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நோக்கி ஓடியது. "பாபா" என்று அப்பனை அழைத்தது. அந்தப் புது உடுப்பின் ஓரத்தைத் தூக்கி, அவர் வாயில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தது.

சந்தை நாளில் சந்தை ஓய்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஜேனட் மட்டும் கேட்டார், "இனி ஆருக்காவது ஆதார் வேணுமா?"

அந்த அமைதியில் ஒரு போன் அடித்தது. ஷிஜுவின் சட்டைப் பையில் அடித்தது. அவன் அதை வெளியே எடுத்தான். ஆஸ்பத்திரியில் இருந்த மனைவி, எங்கே இன்னும் காணோம் என்று அழைக்கிறாள். மணி ஓய்ந்ததும் போனின் முகப்பில் ஒரு படம் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் படம். பல் தெரியச் சிரிக்கிறது. அன்பர்களே! மழை வருமா என்று போனைக் கேட்கிறோம். வழி எது என்று போனைக் கேட்கிறோம். முகம் தெரியாதவள் அழுதால் போனை நம்பி ஆளை அடிக்கிறோம். அன்றைக்கு உண்மையைச் சொல்லக்கூடிய போன் ஒன்று அத்தனை நேரமும் எங்கள் நடுவில் ஒரு சட்டைப் பையில் கிடந்தது. அதை மட்டும் ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை! ஷிஜு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நடுச்சாலையில் நின்று அழுதான். அழுத கண்ணோடு அவர்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் விட்டான்.

ஜேனட்டோ? "மீன் வெயிலு கொள்ளுது, நான் போறேன்" என்று சருவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காவலர்கள் பிறகு வந்தார்கள். சஜு, "அடிச்சது நானாக்கும்" என்று தானாகவே முன்னால் போய் நின்றான். புகார் வேண்டாம் என்று சுபல் சொல்லிவிட்டார். பெருந்தன்மை என்று அதைப் புகழ்ந்து நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஊர் விட்டு ஊர் வந்து, நம்மிடம் வேலை செய்து பிழைப்பவர் வேறு என்ன சொல்வார்? அவர் வேண்டாம் என்றது நம்மை மன்னித்ததனாலா, நம்மைப் பார்த்துப் பயந்ததனாலா? அந்தக் கேள்வி என்னைத் தின்றது. நான்காம் நாள் கல் களத்துக்குப் போனேன்.

அவர் ஈரக் கற்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உதட்டில் தையல். என்னைக் கண்டதும் குழாயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்கு! கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன், "அன்னைக்கு பிள்ளை அப்படிக் கரஞ்சுதே, எதுக்கு அவ்வளவு முறுக்கிப் பிடிச்சிருந்தீங்க?" அவர் போனை எடுத்தார். தேடி ஒன்றை ஓடவிட்டார். ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள். இந்தியில் பேசுகிறாள். அரைகுறை மலையாளத்தில் அவரே சொன்னார், "குட்டி பிடுத்தக்காரு உண்டு, குட்டியை விடருது, அங்ஙனெ பறயுந்நு சாரே."

புரிகிறதா பெருமக்களே? அதே பொய்! பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று அவருக்கும் வந்திருந்தது. பிள்ளையை யாரும் பறித்துவிடக் கூடாதே என்றுதான் அந்தத் தகப்பன் அதன் கையை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார். இறுக்கியதால் அது அழுதது. அழுததால் நாம் சந்தேகப்பட்டோம். சந்தேகப்பட்டு நாம் என்ன செய்தோம்? அவர் எதற்குப் பயந்தாரோ அதையே செய்தோம். இருபது பேராகச் சேர்ந்து அவர் பிள்ளையைப் பறித்தோம்! அன்றைக்குப் பனச்சமூட்டில் பிள்ளை பிடித்தவர்கள் இருந்தார்கள் ஐயா. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவர்களில் ஒருவன் நின்றான்.

இந்தப் பாரத்தோடு அடுத்த வியாழக்கிழமை ஜேனட்டிடம் போனேன். நெத்திலி அளந்துகொண்டிருந்தார். "அந்த நேரத்துல உங்களுக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?" என்று கேட்டேன். ஏதோ ஆழமான பதில் வரும், அதைக் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுல என்ன சாரே தோணியதுக்கு இருக்கு? அப்பன் ஆருன்னு பிள்ளைக்குத் தெரியும். நீங்க எல்லாரும் அவங்கிட்ட கேட்டிய, போன்ல கேட்டிய, ஆதாருல கேட்டிய. பிள்ளையிட்ட ஆரும் கேக்கல்ல. நான் கேட்டேன், அவ்வளவுதான்." பிறகு அளந்த நெத்திலியை நீட்டி, "பையப் பிடிங்க, சும்மா நிக்காண்டாம், பின்னால ஆளு நிக்கியது" என்றார்.

பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை! என் நூலகத்தில் நானூறு புத்தகங்கள். நானூறையும் ஒரு தட்டில் வைத்து, இந்த ஒரு வாக்கியத்தை மறு தட்டில் வைத்தால் எது தாழும்? நீங்களே சொல்லுங்கள்!

ஆம், "மீன் தட்டு" என்று அங்கே ஒரு தாய் சொல்கிறார். சரியாகச் சொன்னீர்கள் அம்மா.

காலம் கெட்டுவிட்டது, கலியுகம் வந்துவிட்டது, சாமானிய புத்தி செத்துவிட்டது என்று புலம்பிவிட்டுப் போக நான் வரவில்லை. அது தேய்ந்திருக்கிறது, உண்மைதான். என்னிடத்தில் தேய்ந்ததை என் கண்ணால் கண்டேன். ஆனால் அது சாகவில்லை! எங்கே உயிரோடு இருக்கிறது? கையில் பொருளைத் தொட்டு, கண்ணில் ஆளைப் பார்த்து, நாள்தோறும் வாழ்கிறவர்களிடம் இருக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்த்து மீனின் வயதைச் சொல்கிறவரிடம் இருக்கிறது. மேகத்தைப் பார்த்துக் கட்டுமரத்தை இழுத்துக் கரையேற்றுகிறவரிடம் இருக்கிறது. அவர்களுக்கு ஊகம் உணவு தராது. உள்ளதை உள்ளபடி பார்த்தால்தான் உலை கொதிக்கும்!

இன்னொரு பெருமையும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் இந்த ஊருக்குத் துரோகம் செய்தவனாவேன். எல்லா ஊரிலும்தான் கூட்டம் கூடுகிறது. எல்லா ஊரிலும்தான் கை ஓங்குகிறது. எத்தனை ஊரில் ஓங்கிய கை தாழ்ந்தது? எத்தனை இடத்தில் இருபது ஆண்கள் ஒரு பெண்ணின் சொல்லுக்கு நான்கடி பின்வாங்கினார்கள்? கம்பி வைத்திருந்தவர் அந்தக் கம்பியைத் திரும்பக் கொண்டுபோய்க் கடையில் வைத்தாரே! அடித்த சஜு அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரசவித்தவளுக்குப் பாலும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றானே! தவறு செய்தது என் ஊர். தவறு என்று கண்டதும் அந்த இடத்திலேயே நின்றதும் என் ஊர்! கூட்டம் கூடுவது பெருமையில்லை. கூடிய கூட்டத்துக்குக் காது இருப்பதுதான் பெருமை. அந்தக் காது பனச்சமூட்டுக்கு உண்டு!

இல்லாமல் எப்படி இருக்கும்? நாம் யார்? எல்லையில் பிறந்தவர்கள். காலையில் கேரளத்தில் சாயா குடித்து, உச்சிக்குத் தமிழ்நாட்டில் கிழங்கு வாங்கி, சாயங்காலம் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்றே யோசிக்காமல் வீடு திரும்புகிறவர்கள். மலையாளத்தில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆகிறவர்கள். ஒரு மாநிலத்தில் பெண் கொடுத்து, மறு மாநிலத்தில் பேரன் பார்க்கிறவர்கள். இந்த மண்ணில் நின்றுகொண்டு அயலான் என்று யாரைச் சொல்வது? இதோ இந்தச் சாலையைக் கடந்தால் நானே அயலான்! அங்கிருந்து இங்கே வந்தால் நீங்கள் அயலார்! அயலானுக்குப் பயந்தவன் பனச்சமூட்டில் பத்து நிமிடம் வாழ முடியுமா? பஸ்ஸுக்குக்கூடக் காத்து நிற்க முடியாதே! எல்லைக்காரன் யாருக்கும் சட்டையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதமாட்டான். பேச்சைக் கேட்பான், முகத்தைப் பார்ப்பான், பிறகுதான் முடிவுக்கு வருவான். அந்தப் பண்பை நாம் ஒரு நாள் மறந்தோம். ஒரே நாள். அந்த ஒரு நாளில் நமக்காக அதை நினைவில் வைத்திருந்தவர் இதோ இந்த ஜேனட்!

ஆகவே, என் மக்களே, போனைத் தூக்கி ஆற்றில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் போன் இதோ, பையில்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு செய்தி வந்து உங்கள் நெஞ்சைப் பதறவைத்தால், விரலை எடுப்பதற்கு முன் கேளுங்கள். யார்? எங்கே? எப்போது? நீ கண்டாயா? விடை இல்லையென்றால் அந்தச் செய்தி உங்களிடத்திலேயே சாகட்டும். உங்கள் விரல்நுனியில் ஒரு பொய் செத்தால், எங்கோ ஒரு நிறுத்தத்தில் ஒரு தகப்பன் பிழைப்பான்!

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ முடித்துவிடுகிறேன் ஐயா.

நான்காவது வரிசையில், ரத்னபாய் அம்மையாரின் மருமகள் மினிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. ஷிஜு போய் அழைத்து வந்திருக்கிறான். சுபல், அவர் மனைவி, மடியில் மூன்று மாதக் கைக்குழந்தை. பெரியவள் துலி நாற்காலியில் நிற்கிறாள், பலூனோடு. எழுந்து திரும்பிப் பார்க்காதீர்கள், அவர்கள் கூச்சப்படுவார்கள்.

கல் களத்துக்குப் போனேன் என்று சொன்னேன் அல்லவா? அங்கே கேள்வி கேட்டேன், பதில் கேட்டேன், திரும்பி வந்துவிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. மூன்று மாதமாக இந்த மேடையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் முன்னால், ஒலிபெருக்கியில், நல்ல தமிழில் மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். இந்தக் காகிதத்தில் இருக்கிறது. இங்கே நிற்கும்போதுதான் புரிகிறது, உயரத்தில் நின்று உரக்கக் கேட்டால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும். நீங்கள் கை தட்டுவீர்கள். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. என் அலங்காரத்தால் ஒருமுறை அவர் அடிபட்டது போதும்.

ஆகவே இந்தக் காகிதத்தை மடித்துவிடுகிறேன். கீழே இறங்கி, நான்காவது வரிசைக்குப் போய், எனக்குத் தெரிந்த எளிய மலையாளத்தில், அவருக்குப் புரிகிற இரண்டு சொல்லில் கேட்கப்போகிறேன். அது உங்களுக்குக் கேட்கவேண்டாம்.

இத்தனை நேரம் பொறுமையோடு செவி கொடுத்த பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், சாலையின் இரு கரையிலும் அமர்ந்திருக்கும் என் ஒரே ஊராருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. சகோதரி ஜேனட்டுக்குத் தலை தாழ்ந்த வணக்கம்.

ஷிஜு, மைக்க நிப்பாட்டு மக்கா. நான் இறங்கி வாறேன்.